கொண்டைக்காரிக்கு வைத்த ஐந்து முட்டை

ஆகஸ்ட் 6

மகளிர் குழுப் பயிற்சியில் கோழி வளர்க்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். எத்தனை முட்டை, எது அடைக்கு உட்கார்ந்தது, எது செத்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். மற்ற பெண்கள் அதில் புதுக்கோலம் போட்டுப் பார்க்கிறார்கள். நான் எழுதுகிறேன். எழுதினால் கோபம் கொஞ்சம் அடங்குகிறது. கோகிலவாணிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கரட்டுப்பாளையம் முழுக்கத் தெரியும்.

இன்று முட்டை நான்கு. கொண்டைக்காரி இன்றும் இடவில்லை. மூன்று நாளாகப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு கொத்த வருகிறது. அடைக்குக் கிடக்கிறது. ஆடிக் காற்றில் பொரிக்கும் குஞ்சு தங்காது, அதனால் இந்த மாதம் எதற்கும் முட்டை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அடையைத் தெளிய வைக்க வேண்டும்.

மக்காச்சோளம் ஊன்றி ஆறு நாள் ஆகிறது. இது இரண்டாவது ஊன்றல். முதலில் ஊன்றியதை மயில்கள் வரிசை பிடித்து, குழிக்குக் குழி கிளறித் தின்றுவிட்டன. இன்று காலையில் எண்ணினேன், பதினோரு மயில். வீட்டுக்காரர் வரப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"முருகன் வண்டி புள்ள. எத்தன தின்னுரப் போவுது?"

"முருகனுக்கு வேற காடே இல்லீங்களா? நம்ம காட்டுக்குத்தான் வண்டிய ஓட்டியுடறாரா?" என்றேன். சிரித்தார். அவரிடம் சண்டை போடுவது மெத்தையைக் குத்துவது போலத்தான்.

ஆகஸ்ட் 8

முட்டை ஐந்து. கொண்டைக்காரியைத் தொட்டித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, காலில் கயிறு கட்டி வேப்பமரத்தடியில் விட்டேன். நடுங்கிக்கொண்டே, அந்த மண்ணிலேயே உட்கார்ந்து ஒரு கூழாங்கல்லை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டது. கல்லுக்கு அடைகாக்கிற கழுதை.

இரண்டாவது ஊன்றலும் பாதி போய்விட்டது. வீட்டுக்காரர் காட்டைப் பார்க்கவே இல்லை. நாளைக்கு ஆடிக் கிருத்திகை, மலைக்கு நடந்து போவதற்கு வேட்டியைக் காவியில் நனைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 9

அவர் விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி நடந்துவிட்டார்.

முட்டை இரண்டு. கோழிகளை இன்று திறந்துவிடவில்லை. காற்று அதிகம். வேலியோரம் கொஞ்சம் மண்வெட்டி வேலை இருந்தது. முடித்துவிட்டுக் குளித்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணன் காட்டில் மூன்று மயில் செத்துக் கிடக்கிறதாம். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அதே நாள், பொழுது சாய

இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஐந்து மணிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்து வருகிறேன் என்று போனவர், துண்டில் எதையோ கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பிரித்தால் ஐந்து முட்டை. கோழி முட்டையைவிடப் பெரிசு, சந்தன நிறம்.

"கிளுவ வேலிக்கடியில இருந்துச்சு கோகிலா. தாயக் காணம். அந்த மூணோட சேந்து இதும் செத்துருக்கும்போல. கைல எடுத்தா இன்னம் வெதுவெதுன்னு இருக்குது பாரு. கிருத்தியன்னைக்கு என்ற கைக்கு வருதுன்னா சும்மாவா? நம்ம கொண்டைக்காரிதான் அடைக்குக் கெடக்கறாளே, வெச்சுரு."

"வேண்டாங்க. மயில் முட்டையத் தொட்டாலே காட்டிலாகாக்காரன் புடிச்சுட்டுப் போயிருவான்."

"உசுரக் காப்பாத்துனா எதுக்குப் புடிக்கறான்? வெய்யி புள்ள. ஆறிப்போச்சுன்னா அவ்வளவுதான்."

அவரே மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பினார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமென்று போடுகிற இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் செருகினார். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கீற்று விபூதி பூசினார். கொண்டைக்காரியைக் கயிறு அவிழ்த்துக் கொண்டுவந்து விட்டதும், அலகால் ஒவ்வொன்றாக உருட்டி அடிவயிற்றில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஐந்தையும் நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 10

கூடை இருக்கிற சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, செல்போன் லைட்டில் முட்டையை வைத்துப் பார்த்தேன். நாலில் ரத்த நாளம் ஓடுகிறது. பாதிக்குமேல் கருப்பு. ஒன்றில் எதுவோ சட்டென்று ஒதுங்கியது, வெளிச்சத்துக்குக் கூசின மாதிரி. ஐந்தாவது தெளிவாக இருக்கிறது, அது கூமுட்டை.

மயிலுக்கு இருபத்தெட்டு நாள் என்கிறார்கள். இந்த இருட்டைப் பார்த்தால் தாய் பத்துநாளாவது உட்கார்ந்திருக்கிறது. தினம் ஒரே ஒரு தடவைதான் எழுந்து இரை தேடப் போகும். கோழியும் அப்படித்தானே.

சேலத்தில் நர்சிங் படிக்கிற மகள் தாரணி போன் செய்தாள். அப்பா அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "அம்மா, அது பெரிய கேசும்மா. பெயிலே கெடைக்காது. அப்பாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாது, நீயுமா?" என்று கத்தினாள்.

கோழிகளை இன்றும் விடவில்லை.

ஆகஸ்ட் 11

விடவில்லை. எதுக்கு அடைச்சே வெச்சிருக்கே என்று கேட்டார். கழிச்சல் வருகிறதாம் என்றேன்.

ஆகஸ்ட் 12

இன்று காட்டிலாகா கார்டு வந்தார். பொங்கியண்ணன் காட்டில் கிடந்த மூன்றையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டமாக விசாரித்துவிட்டு எங்கள் வாசலுக்கும் வந்துவிட்டார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் சிவந்து கிடந்தது.

"வீட்ல ஆம்பள இல்லீங்களா?"

"சந்தைக்குப் போயிருக்காருங்க."

"உங்க காட்டுலயும் மயில் எறங்குதுங்களா?"

"ஊருக்கே எறங்குது, எங்களுக்கு மட்டும் எறங்காதுங்களா?"

குடிக்கத் தண்ணீர் கேட்டார். மோர் கொடுத்தேன். சாமான் அறை வாசலிலிருந்து ஆறடி தூரத்தில் நின்று குடித்தார். உள்ளே கொண்டைக்காரி. அடைக்கோழியில் ஒரு நல்லது, வாயே திறக்காது. ஆனாலும் அவர் சொம்பைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் நான் அந்தக் கதவை மறைத்தே நின்றேன்.

"மயில வெட்டிச் சோதிக்க அனுப்பறோம். என்ன மருந்துன்னு தெரிஞ்சுரும். கடைல யாரு வாங்குனதுன்னும் தெரிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோறு வடிக்கவில்லை. சந்தையிலிருந்து வந்தவர் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தார்.

ஆகஸ்ட் 14

கோழிகளைத் திறந்துவிட்டேன். அதற்கு முன்னால் காட்டுக்குப் போய் அந்த ஓரத்தை மட்டும் துடைப்பத்தால் கூட்டி, மண்ணோடு அள்ளி எரித்தேன். பொங்கியண்ணன் வரப்பில் நின்று, "ஏனம்மிணி, காட்டக் கூட்டறே? கோலமும் போட்டுரு" என்று கிண்டல் செய்தார். சிரித்து வைத்தேன்.

கொண்டைக்காரி தானாக எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. தினம் மத்தியானம் நானே தூக்கி வெளியே விட வேண்டியிருக்கிறது. இறங்கியதும் ஒரு பிடி அளவுக்குக் கழிகிறது. கம்பு பொறுக்கி, தண்ணீர் குடித்து, புழுதியில் இரண்டு புரள் புரண்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஓடி வந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிஷமும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதைப் பொறுக்குகிறதோ என்று. தலை கொஞ்சம் தொங்கினாலும் ஓடிப் போய்த் தூக்கிப் பார்க்கிறேன்.

கூடை ஓரத்தில் அவர் உட்கார்ந்து முட்டையிடம் பேசுகிறார். "பயப்படாதீங்க சாமி, நானிருக்கறன்" என்கிறார். கேட்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

இன்று கோயிலில் ஊர்க்கூட்டம். மயிலுக்கு மருந்து வைத்தவனுக்குக் காசு வெட்டிப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது.

எங்கள் ஊரில் திருடன் யாரென்று தெரியாவிட்டால், வேலியைப் பிரித்தவன் யாரென்று தெரியாவிட்டால் இதைத்தான் செய்வார்கள். சாமி முன்னால் ஒரு காசை உளி வைத்து இரண்டாக வெட்டி, செய்தவன் குடும்பம் இப்படிப் போகட்டும் என்று சொல்லிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதைத் திருப்பி வாங்க முடியாது. எனக்கு விவரம் தெரிந்து மூன்று முறை வெட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று குடும்பத்தையும் எனக்குத் தெரியும்.

வெட்டுவது யார் என்று கேட்டேன். "நாந்தான். ஊருல நாந்தான கிருத்தி தவறாம மலைக்குப் போறவன். அதனால என்னய வெட்டச் சொல்லீட்டாங்க" என்றார்.

"வேண்டாங்க. செஞ்சவன் எந்த வயித்தெரிச்சல்ல செஞ்சானோ. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குமில்லீங்களா?"

"இருக்கட்டும். அதுக்குத்தான் காசு வெட்டறது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17

ஒன்பதாம் தேதி 'யாரோ' என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. யாரும் படிக்காத நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

நான்தான்.

எட்டாம் தேதி சாயங்காலம் காட்டுக்குப் போனேன். முளைத்த சோளத்தை ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டிருந்தன. தின்றாலாவது பரவாயில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு ஆண்மயில் நடுவில் நின்று தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. நான் கல்லெடுத்து எறிந்தேன். அது திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஆடியது. அவ்வளவுதான். படைப்புழுவுக்கு என்று அவர் வாங்கி வைத்திருந்த மருந்து, மாடு கட்டுகிற சாளையில் இருந்தது. அவர் மலைக்குப் போன பிறகு, சோளத்தில் கலந்து வேலியோரம் போட்டுவிட்டு வந்தேன். போடும்போது வாயாறத் திட்டிக்கொண்டே போட்டேன். சாவுங்க, எல்லாம் சாவுங்க என்று.

எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று பொங்கியண்ணன் காட்டுக்குப் பறந்து போய் விழுந்திருந்தன. ஒன்று எங்கள் வேலிக்கு இந்தப் பக்கமே கிடந்தது. பெட்டைமயில். இன்னும் சாகவில்லை. காலை இழுத்து இழுத்து நகர்ந்தது. நான் குறுக்கே நின்றபோதுகூட என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. கிளுவை வேலிப் பக்கமே கழுத்தைத் திருப்பித் திருப்பி நகர்ந்தது. எங்கே போகப் பார்க்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அசைவு நின்ற பிறகு வேலியோரத்திலேயே குழி வெட்டிப் புதைத்தேன். சாயங்காலம் அவர் துண்டைப் பிரித்தபோதுதான் புரிந்தது.

பயமாக இருக்கிறது. போலீசு, ஜெயில் எல்லாவற்றுக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோறு இறங்காமல் போவது அதனால் அல்ல. அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. எது வேண்டுமானாலும் ஆகட்டும், அவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 18

வெட்டிவிட்டார்.

நானும் கூட்டத்தில் நின்றேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. உளியை வைத்து ஓங்கி ஒரே அடி. "வாயில்லாச் சீவனுக்கு வெசம் வெச்சவன் குடும்பம் இதே மாதர ரெண்டாப் போவோணும்" என்று சொன்னார். ஒரு பாதி என் காலடிக்குத் தெறித்து வந்து விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது, "கை ஏம் புள்ள இப்பிடிச் சில்லுன்னு இருக்குது?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 20

முட்டை ஆறு. மறுபடி லைட்டில் பார்த்தேன். கூமுட்டையை எடுத்துப் புதைத்தேன். நாலில் ஒன்று இறந்துவிட்டது. நாளமெல்லாம் கலைந்து ஒரு ஓரமாகக் கருப்புக் கட்டியாகக் கிடக்கிறது. மிச்சம் மூன்று. மூன்றிலும் அசைவு இருக்கிறது.

இறந்த முட்டையை எடுத்தபோது கொண்டைக்காரி என் கையைக் கொத்தியது. ரத்தம் வந்துவிட்டது. கொத்தட்டும்.

ஆகஸ்ட் 22

பொங்கியண்ணனின் நாய் தோண்டிவிட்டது.

நான் பால் கறந்துகொண்டிருந்தேன். வரப்பில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நாய் வாயில் இறகு. பொங்கியண்ணன் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏஞ் சென்னியப்பா, உன்ற காட்டுல பொதச்சு வெச்சிருக்குதே, உனக்குத் தெரியாதா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். பத்துப் பேருக்கும் முன்னால்.

"தெரியாதுங்ண்ணா. எவனோ என்ற காட்டுல கொண்டாந்து பொதச்சிருக்கறான்."

"காசு வெட்டுனதே நீதான?" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தர் சிரித்தார்.

அவர் என் பக்கம் திரும்பி, "நாம் போய் மருந்து வெப்பனா கோகிலா?" என்று கேட்டார். நான் கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23

கார்டு வந்தார், கூட இன்னும் இரண்டு பேர். நான் பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இவரே சாமான் அறைக் கதவைத் திறந்து காட்டிவிட்டார்.

"பாருங்க சார், நானு மயிலக் கொல்றவனா இருந்தா இதயெடுத்து வெப்பனா? மூணு உசுரு உள்ள துடிக்குதுங்க."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது, இவருக்குப் புரியவில்லை. முட்டை எடுத்ததே தனிக் குற்றம். தாயைக் கொன்றவனுக்குத்தான் கூடு இருக்கிற இடம் தெரியும் என்று எழுதிக்கொண்டார்கள். மருந்துக் கடைப் புத்தகத்தில் இவர் கையெழுத்து இருக்கிறதாம். மாட்டுச்சாளையிலிருந்து பாட்டிலையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

"முட்டய இப்ப எடுத்தா செத்துரும். பொரிக்கற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். அப்பறம் டாக்டர் வந்து பாத்து எடுத்துக்குவாரு. கோழிய மாத்திக் கீத்தி வெச்சீங்கன்னா அதுக்கும் கேசு" என்று கார்டு சொன்னார்.

இவர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். "நல்ல பையனா இருக்கறான். பாத்துக்கலாம். செய்யாதவனுக்கு என்ன பயம்?"

ஆகஸ்ட் 24

ரேஞ்சர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனவர் ஐந்து மணிக்கு வந்தார். அன்றைக்கு மலைக்குப் போனதைப் பார்த்த ஆள் யார் என்று கேட்டார்களாம். இவர் தனியாக நடந்து போய்த் தனியாக வந்தவர். முருகன்தான் சாட்சி என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். 27-ஆம் தேதி மறுபடி வரவேண்டும், வந்தால் திரும்பப் போக முடியாது, ரிமாண்டுதான், துணிமணி எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். தண்ணீர் வேண்டுமா, சோறு போடட்டுமா, காலுக்குத் தைலம் தேய்க்கட்டுமா என்றுதான் வெளியே வந்தது.

ஆகஸ்ட் 25

வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முட்டையையும் மிதக்கவிட்டுப் பார்த்தோம். உயிர் இருந்தால் முட்டை தண்ணீரில் துள்ளும். மூன்றும் துள்ளின. ஒன்று குண்டாவின் ஓரம் வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. அவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

துள்ளின முட்டையைத் துடைத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். இத்தனை நாளும் துணி சுற்றித்தான் எடுத்தேன், வெறுங்கையால் தொட்டது இன்றைக்குத்தான். சூடாக இருந்தது.

அப்புறம் கூடைக்குள் வைத்துக்கொண்டே அவர் முட்டையிடம் சொன்னார்: "வெளிய வந்து பாருங்க சாமி. உங்கம்மாளக் கொன்னவன் எங்க இருந்தாலும் நல்லாருக்க மாட்டான்."

ஆகஸ்ட் 26

பொரித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு முதல் முட்டையில் விரிசல். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். கொண்டைக்காரி இத்தனை நாள் மூடியிருந்த வாயைத் திறந்து, அடித்தொண்டையில் கொறக் கொறக்கென்று பதில் சொன்னது. மத்தியானத்துக்குள் மூன்றும் வந்துவிட்டன. கோழிக்குஞ்சைவிடக் கால் நீளம், கழுத்து நீளம், தவிட்டு நிறம். ஈரம் காய்ந்ததும் மூன்றும் அதன் இறக்கைக்குள் நுழைந்துவிட்டன. ஒன்று மட்டும் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தது. அதற்கு யார் தாய் என்று எந்தச் சந்தேகமும் இல்லை.

அவர் குருணையைப் பொடித்து வைத்தார். மூடியில் தண்ணீர் வைத்து, குஞ்சு விழுந்துவிடாமல் அதற்குள் கூழாங்கல் போட்டார். பிறகு ஒரு மஞ்சள் பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, விபூதிப் பொட்டலம் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நாள மறுநாளு டாக்டரு வந்தா நீயே கூட இருந்து எடுத்துக் குடு. குஞ்சு கால இறுக்கிப் புடிச்சராத. பொழுதோட மறக்காமக் கொடாப்புக் கூடயக் குஞ்சு மேல கவுத்துரு, பூனை வருது. தாரணிக்கு இப்பச் சொல்ல வேண்டாம், பரிச்ச இருக்குது."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருக்குது புள்ள" என்றார். பையின் காதை முடிந்துகொண்டே, "செய்யாததுக்குப் போறமேன்னுதான் ஒரு மாதர இருக்குது" என்றார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அப்போதும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27. ரேஞ்சர் ஆபீஸ்

இதை ஆபீசு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரேஞ்சர் மேடம் உள்ளே வெள்ளைத்தாளும் கார்பனும் எடுக்கப் போயிருக்கிறார். அதுவரைக்கும் நோட்டு என் கையில் இருக்கும்.

காலையில் அவர் மஞ்சள் பையோடு பஸ் ஏறிப் போனார். நான் வாசலில் நின்றேன். சாமான் அறையில் குஞ்சுகள் கத்தின. பத்து மணி வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். அப்புறம் கொண்டைக்காரியையும் குஞ்சுகளையும் கொடாப்பில் அடைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அவர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "குஞ்சு என்னாச்சு?" என்றுதான் கேட்டார்.

நான் மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். மருந்து வைத்தது நான், புதைத்தது நான், அவருக்கு எதுவும் தெரியாது என்று.

மேடம் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. "உக்காருங்கம்மா. இந்த நாற்காலில உக்காந்து எத்தன பொண்டாட்டி இதச் சொல்லியிருக்காங்க தெரியுமா? புருசன் உடும்பு புடிப்பான், பொண்டாட்டி வந்து நாந்தான் புடிச்சேன்பா. எனக்கும் கல்யாணம் ஆயிருச்சும்மா, எனக்குப் புரியுது. ஆனா மருந்து வாங்குனது அவரு. முட்ட எடுத்தது அவரு. நெலம் அவரு பேருல."

நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார். "இதுல 'யாரோ'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"பதினேழாம் தேதி பாருங்க."

பார்த்தார். "இத நேத்து எழுதி நடுவுல வெச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்று மூடி என் பக்கம் தள்ளினார். கார்டு தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்கு என்மேல் இரக்கம். உண்மையைச் சொல்ல இத்தனை நாள் பயந்தேனே, அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அவர் பெஞ்சிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம் புள்ள, எனக்காவப் பொய் சொல்றே? வேண்டாம், ஊட்டுக்குப் போ. நாம் பாத்துக்கறன்."

அதற்குமேல் மேடத்திடம் சொல்வதற்கு எதுவுமில்லை. திரும்பி அவரிடம் சொன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் அது கிடந்த இடம், அது கழுத்தைத் திருப்பின பக்கம், நான் குறுக்கே நின்றது, மூன்று தடவை சோப்புப் போட்டது. சோளத்தைப் போடும்போது திட்டினதையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். எல்லாவற்றையும் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவர் அதை எடுக்க மறந்துவிட்டார். பிறகு அது போனது.

அந்த அறையில் நான் சொன்னதை நம்பினது அவர் ஒருத்தர்தான்.

"எழுதிக்குங்க மேடம்" என்றார். குரல் காசு வெட்டின அன்றைக்குப் போல இல்லை, சாதாரணமாகத்தான் இருந்தது. "இருவத்திரண்டு வருசமாப் பாக்கறன். அவ பொய் சொன்னா எனக்குத் தெரியும். இது பொய்யில்ல."

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாள் எடுக்க எழுந்தார். போகும்போது கார்டைப் பார்த்து, முட்டை கேசுக்கு இவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு இப்போதைக்கு அனுப்பு என்று சொன்னார். இவர் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் பட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பைக்குள் கையைவிட்டு எதையோ தேடினார். பிறகு பையை அப்படியே என் மடியில் வைத்தார். இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் எனக்கு எதற்கு என்று அவருக்கும் தோன்றவில்லை.

"பொழுதாவுது. கொடாப்புக் கவுக்கோணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.